எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்கிறது, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தால் ஏன் திரும்ப வளர்வதில்லை?

கோழிக்கால் துண்டைக் கடித்து முடித்ததும் எலும்பின் முனையைப் பாருங்கள். வழவழவென்று வெள்ளையாக ஒரு மூடி இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் அதேதான், சில மில்லிமீட்டர் கனத்தில்.

எலும்பு, குருத்தெலும்பு இரண்டும் இணைப்புத் திசு வகைதான். ஆனால் எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஏராளம். முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், புதுச் செல்கள் வந்து சேரும், முதலில் மென்மையான ஒட்டு, அப்புறம் கெட்டி எலும்பு.

மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது; நரம்பும் இல்லை. எடையில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் முக்கியமானவை கொலாஜன் என்ற புரதத்தாலான இழைகள். செல்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் குழிகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. கீறல் விழுந்த இடத்துக்கு நகர்ந்து வர வழியில்லை. சரி, அவற்றுக்குச் சாப்பாடு? நாம் நடக்க நடக்க, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருகிறதே, அதுதான். மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் அதுவும் குறையும்.

நரம்பு இல்லாததால் தேய்மானம் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலி தெரியும்போது பெரும்பாலும் அடியிலுள்ள எலும்போ மூட்டுச் சவ்வோ பாதிக்கப்பட்டிருக்கும்.