கணிதம் மேஜர் படிப்பவர் இரண்டாவது அறிவியல் பட்டமாக எதை எடுக்கலாம்?

பி.எஸ்ஸி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறேன், கூடவே இன்னொரு அறிவியல் பட்டமும் படிக்க ஆசை, இயற்பியலா, புள்ளியியலா, கணினி அறிவியலா என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதத்தோடு எது நெருக்கம் என்று பார்த்தால் முடிவே வராது, மூன்றும் நெருக்கம்தான். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: கணிதப் பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முதுநிலையில் எந்தத் துறைக்குள் நுழைய முடியாது? இரண்டாவது பட்டத்தின் மூன்று ஆண்டு உழைப்பு அங்கேதான் போக வேண்டும்.

புள்ளியியலுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் என்று தனித் தாளே உண்டு. கணிதம் படித்தவர்கள் தாராளமாக எழுதலாம். கணினிக்கு எம்.சி.ஏ. இருக்கிறது: அதற்கான டான்செட், நிம்செட் நுழைவுத் தேர்வுகள் இரண்டுக்குமே கணிதப் பட்டதாரிகள் தகுதியானவர்கள். இயற்பியல் மட்டும் அப்படி இல்லை. எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பல நிறுவனங்கள் இளநிலையில் நான்கு செமஸ்டர் இயற்பியல் கேட்கின்றன. கணித மேஜரில் வரும் இரண்டு செமஸ்டர் அலைட் (துணைப்பாட) இயற்பியல் அதற்குப் போதாது. ஆகவே இயற்பியல்மேல் உண்மையான ஆசை இருந்தால் இரண்டாவது பட்டம் அவசியம். மற்ற இரண்டுக்கும் அது வசதி, அவ்வளவுதான்.

இயற்பியல் உங்கள் கணிதத்துக்குத் திருப்பித் தருவதும் அதிகம். ஹெர்மிட்டியன் அணியின் (தன் இணைச் சிக்கலெண் இடமாற்று அணிக்கே சமமான அணி) ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாகவே இருக்கும் என்று நேரியல் இயற்கணிதத்தில் நான்கு வரியில் நிறுவிவிட்டுப் போய்விடுவோம். குவாண்டம் இயக்கவியலில், அளந்தால் கிடைக்கும் மதிப்பு ஏன் மெய்யெண் என்பதற்கு அதுதான் பதில். கணித மாணவர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். தொகையீட்டையும் எல்லையையும் இயற்பியல் நூல் காரணம் சொல்லாமல் இடம் மாற்றும். ஒரே புள்ளியில் மட்டும் குவிந்திருக்கும், உண்மையில் சார்பே அல்லாத டிராக் டெல்டாவைச் சார்பு என்றே எழுதும். அங்கேயே நின்று ஒவ்வொன்றையும் நிறுவ முயன்றால் செமஸ்டர் போய்விடும். ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டு கணக்கை முடியுங்கள். டெல்டாவுக்குக் கணிதவியலாளர் லாரன் ஷ்வார்ட்ஸ் 1940-களில் கறாரான அடித்தளம் போட்டுவிட்டார், அதை எம்.எஸ்ஸி.யில் படித்துக்கொள்ளலாம்.

லேபை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தை, சட்டம் ஒன்றை வளைத்துக் காணும் சோதனையில், சட்டத்தின் தடிமன் மூன்றாம் படியில் வருகிறது. 5 மி.மீ. தடிமனைத் திருகு அளவியால் அளந்தால் 0.01 மி.மீ. பிழை, அதாவது 0.2 சதவீதம்; விடையில் அது 0.6 சதவீதமாகும். அதையே 0.1 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள வெர்னியரால் அளந்தால் 2 சதவீதம் விடையில் 6 ஆகிவிடும். வகையீடு எதற்கு என்பது அந்த மேசையில் புரியும். இதே லேப்தான் சிக்கலும். பகலில் கணிதக் கல்லூரி, கூடவே இயற்பியல் என்றால் மாலைக் கல்லூரி வேண்டும், அல்லது இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரித் தொலைநிலைப் படிப்பு வேண்டும். தொலைநிலையிலும் பிராக்டிகலை வீட்டிலிருந்து முடிக்க முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும். சேர்வதற்கு முன்பே உங்கள் படிப்பு மையத்தில் இயற்பியல் லேப் நடக்கிறதா, எந்த மாதத்தில் என்று கேளுங்கள். கல்லூரி மாடல் தேர்வோடு அது மோதினால் ஒரு பக்கம் அரியர் விழும்.

புள்ளியியலில் பட்டம் வாங்குவதைவிட, நிகழ்தகவு, மதிப்பீட்டுக் கோட்பாடு, ரிக்ரஷன் மூன்றையும் ஆழமாகப் படித்து ஜாம் எழுதுவதே மேல். ஆனால் பள்ளி ஆசிரியர் வேலை குறிக்கோள் என்றால் நிதானியுங்கள். தமிழ்நாட்டில் முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் கேட்கிறார்கள். எம்.எஸ்ஸி. புள்ளியியலுக்குத் தாவினால் கணித ஆசிரியர் வாய்ப்பு கைநழுவும்.

கணினிப் பக்கம் போக முடிவெடுத்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டம் பொருந்தும். வகுப்பு ஆன்லைனில், தேர்வு மையத்தில் நேரில். நான்கு வாரத் தகுதிச் சுற்றைத் தாண்டினால் முதல் கட்டத்தில் எட்டுப் பாடம். அவற்றில் இரண்டு கணிதம், இரண்டு புள்ளியியல். உங்களுக்குச் சுமை குறைவு. ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி டெர்ம் முடியும்போதுதான் கல்லூரியின் ஏப்ரல் செமஸ்டர் தேர்வும் வரும், அதனால் அந்த டெர்மில் ஒரே பாடம் எடுங்கள். மே டெர்மில் மூன்று எடுக்கலாம். உங்கள் இயற்கணிதப் பாடமும் இங்கே வீணாகாது: கறை பட்ட க்யூஆர் குறியீட்டைக்கூட ஃபோன் படிப்பது முடிவுறு களங்களின் (எண்ணிக்கை முடிவுள்ள உறுப்புகள் கொண்ட களங்கள்) மேல் கட்டிய, பிழை திருத்தும் ரீட்-சாலமன் குறியீட்டால்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-இல் அனுமதித்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரடியும் மற்றொன்று தொலைநிலை அல்லது ஆன்லைனும் என்றால் சிக்கல் குறைவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைநிலைப் படிப்பாக இருந்தால் அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது டி.சி.யில்: அசல் டி.சி.யும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் முதல் கல்லூரியிடம் இருக்கும், இரண்டாவது இடமும் அசலையே கேட்கும். முதல் கல்லூரியில் போனஃபைடு சான்றிதழும் சான்றொப்பமிட்ட நகல்களும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றை ஏற்பார்களா என்று இரண்டாவது இடத்தில் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.