மிட்வே விழாக்களுக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னையிலிருந்து யூட்டா மாநிலத்து மிட்வேக்குக் குடும்பத்தோடு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜூலை 24 அன்று குழந்தைகள் ஊர்வலத்தில் உங்கள் மகளும் பழங்கால நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் போட்டுக்கொண்டு நடக்கட்டுமே என்று எதிர்வீட்டு அம்மா கேட்டிருக்கிறார். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டேயை ஒட்டி நடக்கும் ஸ்விஸ் டேஸ் விழாவில் சாப்பாட்டு ஸ்டாலில் கைகொடுக்க உங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார். இது அவர்களுடைய சர்ச் விழாவா, யாருடைய முன்னோருக்கோ நம் பிள்ளை ஏன் வேஷம் கட்ட வேண்டும், வேண்டாம் என்றால் மனம் கோணுவார்களா என்பதெல்லாம் உங்கள் கேள்வி.

போங்கள். மகளையும் அனுப்புங்கள். ஸ்டால் வேலையைக் கட்டாயம் ஒப்புக்கொள்ளுங்கள். மிட்வே இருக்கும் இந்த ஹீபர் பள்ளத்தாக்கில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். இங்கே எனக்கு அமைந்த நட்புகளில் பெரும்பாலானவை விழா வேலையில் பக்கத்தில் நின்றவர்களோடு அமைந்தவை. ஆனால் என்ன விழா, யாருடைய கதை என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஜூலை 24. நாடு முழுக்க ஜூலை 4 பெரிய நாள் என்றால், யூட்டாவில் அதற்குச் சமமாக, சில குடும்பங்களில் அதற்கும் மேலாக, கொண்டாடுவது இந்த 24-ஐ. மாநில அரசு விடுமுறை. பயனியர் டே, அதாவது முன்னோடிகள் நாள் என்பார்கள். கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை 1844-இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846-இல் அவருடைய மக்கள் நாவூ என்ற தங்கள் ஊரை விட்டே துரத்தப்பட்டார்கள். மிசௌரி ஆற்றங்கரையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபின், 1847 வசந்தத்தில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள் கொண்ட முதல் அணி மேற்கே புறப்பட்டது. ஜூலை 24 அன்று அவர்கள் தலைவர் பிரிகம் யங், காய்ச்சலில் எழுந்து நிற்கக்கூட வலுவில்லாமல், ஒரு வண்டியில் படுத்தபடி சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். அப்போது இந்த நிலம் அமெரிக்காவில் சேர்ந்திருக்கவில்லை, மெக்சிகோவுடையது. துரத்திய நாட்டை விட்டே வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்தவர்களை, அடுத்த வருடமே ஓர் ஒப்பந்தத்தின் வழியாக அந்த நாடு எட்டிப் பிடித்துவிட்டது.

1869-இல் ரயில் வரும்வரை சுமார் 70,000 பேர் கூண்டு வண்டியிலும் கால்நடையாகவும் இப்படி வந்தார்கள். மாட்டு வண்டிக்குக் காசில்லாத ஏழைகள் 1856 முதல் 1860 வரை கைவண்டி இழுத்தே வந்தார்கள். ஏறக்குறைய 3,000 பேர். அவர்களில் பலர் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். 1856-இல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு அணிகள் வயோமிங் பனியில் மாட்டி, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஊர்வலத்தில் சின்னப் பிள்ளைகள் பொம்மைக் கைவண்டி இழுத்துப் போகும்போது ஓரத்தில் நிற்கும் பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள். அந்தக் கணக்கில் அவர்களுடைய சொந்தக் குடும்பத்துப் பெயர்கள் இருக்கின்றன. எந்தக் கப்பல், எந்த அணி, வழியில் யாரைப் புதைத்தார்கள் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டீ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சர்ச் விதிகளை அனுசரிப்பவர்கள் டீயும் காபியும் மதுவும் தொடுவதில்லை. எலுமிச்சைச் சாறோ பானகமோ கொடுங்கள், விரும்பிக் குடிப்பார்கள்.

பெரிய ஊர்வலம் சால்ட் லேக் சிட்டியில். 1849-லேயே அங்கே இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். முதல் நாள் இரவே சாலையோரம் போர்வை விரித்து இடம் பிடித்து, குடும்பத்தோடு அங்கேயே தூங்குவார்கள். கூட்டம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் முதல் வருடம் பக்கத்தில் ஏதாவது சின்ன ஊர் விழாவுக்குப் போவதுதான் நல்லது என்பேன். காலையில் பார்க்கில் எல்லோருக்கும் பேன்கேக், அப்புறம் சைக்கிள், ட்ராக்டர், தீயணைப்பு வண்டி, குதிரை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஊர்வலத்தில் வரும். மிட்டாய் வீசுவார்கள், பிள்ளைகள் பொறுக்குவார்கள். உங்கள் மகளுக்கு அங்கேதான் பள்ளித் தோழிகள் கிடைப்பார்கள்.

சரி, மதம். மூலம் மதம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் நடக்கும் ஊர்வலம், ரோடியோ, வாணவேடிக்கை எல்லாம் ஊருக்குப் பொது. கத்தோலிக்கரும் வருவார்கள், கடவுளே இல்லை என்பவரும் வருவார். சர்ச் கட்டடத்துக்குள் நடக்கும் கூட்டம், இளைஞர்களை மூன்று நான்கு நாள் மலையில் கைவண்டி இழுக்க வைக்கும் 'ட்ரெக்', இவை சர்ச் நிகழ்ச்சிகள். அழைப்பு எந்த வகை என்று நேராகக் கேட்டால் நேராகவே சொல்வார்கள். வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு இளைஞர்கள் என்றாவது உங்கள் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். 'எங்களுக்கு எங்கள் வழிபாடு இருக்கிறது, நன்றி' என்று சிரித்த முகமாகச் சொன்னால் போதும். அதனால் பக்கத்து வீட்டு உறவு முறிந்து நான் பார்த்ததில்லை. பாவாடையும் தொப்பியும் வெறும் விழா உடை. அதைப் போட்டதால் பிள்ளை எதிலும் சேர்ந்துவிடுவதில்லை.

இனி நம் பள்ளத்தாக்கு. எனக்கு மனதுக்கு நெருக்கமானது இந்தப் பகுதிதான். சால்ட் லேக்கில் கூட்டம் சேர்ந்து, ப்ரோவோவில் நிலம் போதாமல், 1859 வசந்தத்தில் ஒரு சிறு குழு ப்ரோவோ கணவாய் வழியாக மேலே ஏறியது. வழியில் பனிச்சரிவு பாதையை அடைத்திருக்க, வண்டிகளைக் கழற்றித் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். இன்று அதே கணவாயில் நீங்கள் காரில் அலுவலகம் போகிறீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். இங்கே தானியம் விளையாது, அதற்குள் உறைபனி வந்துவிடும் என்று பலர் சொல்லியும் விதைத்தார்கள். 1860-களில் சுவிட்சர்லாந்திலிருந்து மதம் மாறி வந்த குடும்பங்கள் மிட்வே பக்கம் குடியேறின. ஹூபர், ப்ராப்ஸ்ட், கோலர் என்று கல்லறைகளில் இன்றும் படிக்கலாம். வெந்நீர் ஊற்றுகள் காலங்காலமாகக் கக்கிய சுண்ணாம்பு இறுகி உருவான கல்லை, 'பாட் ராக்' என்பார்கள், வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள். உங்கள் தெருவிலேயே அப்படி ஒன்றிரண்டு வீடுகள் இருக்கும், சுவரைத் தொட்டுப் பாருங்கள். கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும்.

ஸ்விஸ் டேஸ் விழா அவ்வளவு பழையதில்லை. 1940-களில் அறுவடை விழாவாகத் தொடங்கியது. லேபர் டேக்கு முந்தைய வெள்ளியும் சனியும், சுமார் 6,000 பேர் வாழும் இந்த ஊரில் பல்லாயிரம் பேர் வந்து இறங்குவார்கள். கைவினைக் கடைகள், பாட்டு, ஆட்டம், ஊர்வலம். ஆனால் விழாவின் உயிர் சமையல் ஸ்டால்களில் இருக்கிறது. ஸ்விஸ் டாக்கோ, பொரித்த ஸ்கோன், சோளக்கதிர் என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஸ்கோன் என்பது எண்ணெயில் உப்பிவரும் மாவு, மேலே தேன் கலந்த வெண்ணெய். மாவு பிசைவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, குப்பை அள்ளுவது எல்லாம் ஊர்க்காரர்கள், சம்பளமில்லாமல். பல் மருத்துவரும் பள்ளி ஆசிரியையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஊர்க் கொடைக்கு மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆள் வந்து சேர்வது போல, இந்த இரண்டு நாளைக்காகவே கலிஃபோர்னியாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

அதனால்தான் அந்த அழைப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். விழா பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். வேலைக்கு வா என்று ஊர்க்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். வந்த இரண்டு மாதத்தில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே ஒருவரை நெருங்கிப் பழகுவது எளிதில்லை. புன்னகை நிறையக் கிடைக்கும், வீட்டுக்குள் அழைப்பு மெதுவாகத்தான் வரும். ஏப்ரன் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் அடுப்புப் பக்கம் நின்றவருக்கு அது சீக்கிரம் வரும். குளிர்காலத்தில் உங்கள் வீட்டு வாசல் பனியை யாரோ தள்ளிவிட்டுப் போயிருப்பார், பார்த்தால் ஸ்டாலில் கூட நின்ற ஆளாக இருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள். முன்னோடிகள் வந்தபோது இது காலி நிலமாக இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு, பூர்வகுடிகளான யூட் மக்கள் கோடையில் வேட்டைக்கும் மீனுக்கும் வந்து தங்கிய இடம். புதிதாக வந்தவர்களின் மாடும் வேலியும் பெருகப் பெருக அவர்கள் பசியில் தள்ளப்பட்டார்கள். 1865-இல் பிளாக் ஹாக் என்ற யூட் தலைவரின் பெயரால் அறியப்படும் போர் மூண்டது. அடுத்த வருடம் இங்கிருந்த இரண்டு சிறு குடியிருப்புகள் பாதுகாப்புக்காக நடுவில் ஒரு கோட்டை கட்டி ஒன்றாகச் சேர்ந்தன. அதுதான் இன்றைய மிட்வே. 1867-இல் ஹீபரின் பிஷப் ஜோசப் மர்டாக் யூட் தலைவர் டாபியையும் அவர் மக்களையும் அழைத்து விருந்து வைத்துச் சமாதானம் செய்துகொண்டார். நல்ல செயல்தான். ஆனால் விருந்துக்குப் பிறகு நிலம் யாரிடம் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். யூட் மக்கள் கிழக்கே, அரசு அவர்களுக்கென ஒதுக்கிய யூயின்டா நிலப்பகுதிக்குப் போனார்கள். அவர்கள் சந்ததியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள், இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சால்ட் லேக்கின் லிபர்ட்டி பார்க்கில் பல வருடங்களாக ஜூலை 24-ஐ ஒட்டியே பூர்வகுடி மக்களின் பௌவாவ் நடந்துவருகிறது. மேளமும் ஆட்டமும் பார்க்க மகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். இரண்டையும் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்த நிலம் முழுதாகப் புரியும்.

1847-இல் வந்த அந்த முதல் அணியில் கிரீன் ஃபிளேக் என்ற கறுப்பின இளைஞரும் இருந்தார், அடிமையாக. பிரிகம் யங்குக்கு முன்பே பள்ளத்தாக்கில் நுழைந்தவர்களில் ஒருவர். ஊர்வலங்களில் வெகு காலம் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை. 2022-இல்தான் சால்ட் லேக் மலையடிவாரத்தில் உள்ள முன்னோடிகள் நினைவுப் பூங்காவில் அவருக்கும் அவரைப் போல அடிமைகளாக வந்தவர்களுக்கும் சிலைகள் வைத்தார்கள். பூங்காவுக்குப் போனால் தேடிப் பாருங்கள். இதையெல்லாம் இங்கே பேசினால் சங்கடப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். வாதம் பண்ணுகிற தொனியில்லாமல் கேட்டால், தங்கள் குடும்பக் கதையிலேயே யூட் மக்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பலர் மனம் திறந்து சொல்வார்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். இந்த உயரத்தில் வெயில் காய்வது தெரியாது, சாயங்காலம்தான் தோல் எரியும். நம் நிறத்துக்கும் எரியும். தொப்பி, சன்ஸ்க்ரீன், நிறையத் தண்ணீர். இருட்டியதும் குளிரும், ஜூலையிலும் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மடக்கு நாற்காலி அவசியம். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள்: பச்சை நிறத்தில் ஆடும் ஜெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது விலங்கிலிருந்து எடுப்பது. சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஒன்று எல்லா விருந்திலும் வரும், அதில் வழக்கமாகக் கோழி சூப் சேர்ப்பார்கள். எடுப்பதற்கு முன் கேளுங்கள். நீங்களே ஏதாவது கொண்டுபோவதாக இருந்தால் எலுமிச்சைச் சாதமோ, காரம் குறைத்த முறுக்கோ போதும்.

ஸ்டாலில் இறைச்சிப் பக்கம் நிற்க மனமில்லை என்றால் ஸ்கோன் பக்கம் கேட்டு வாங்குங்கள், மறுக்க மாட்டார்கள். விநாயகர் சதுர்த்தி சில வருடங்களில் அதே நாட்களை ஒட்டி வந்துவிடும். அப்படி வந்தால் காலை ஷிப்டுக்குப் பெயர் கொடுங்கள். சவுத் ஜோர்டான் விநாயகர் கோயிலுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், மாலைப் பூஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஊரைவிட்டு வெளியேறும் கார் வரிசையே அரை மணி நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.