ஐவரி கொமட்டுக்கு எந்த நிற டைல்ஸ்?

கேள்வி: வெள்ளவத்தையில் பழைய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஐந்தடிக்கு எட்டடி பாத்ரூமின் பழைய டைல்ஸை உடைத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கப் போகிறோம். ஐவரி நிறக் கொமட்டும் பேசினும் நன்றாக இருப்பதால் அவற்றை மாற்றும் எண்ணமில்லை. எனக்கு எல்லாமே வெள்ளையாக வேண்டும். கணவருக்கு ஹோட்டலில் பார்த்த மாதிரிக் கருஞ்சாம்பல் வேண்டும். இருப்பது ஒரு சின்ன ஜன்னல், அதுவும் கட்டடத்தின் நடுவிலுள்ள காற்றுக்குழியைப் பார்த்தபடி. எழுபது தாண்டிய மாமியும் இதைத்தான் பாவிக்கிறார். என்ன நிற டைல்ஸ் எடுப்பது, மேலே என்ன பெயின்ட் அடிப்பது?

பதில்: முதலில் கொமட் டாங்கியின் மூடியைத் தூக்கி உள்ளே பாருங்கள். உட்சுவரில் செம்பழுப்பாகப் படிந்திருந்தால் உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரையும் மேல் டாங்கிக்கு ஏற்றும் தொடர்மாடிகளிலும், பழைய இரும்புப் பைப் இன்னும் மாற்றாத கட்டடங்களிலும் இது வழக்கம். சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்கத் திறந்தே வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் காலையில் மஞ்சளித்து அடியில் பழுப்பாகப் படிந்தால், கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகியிருக்கிறது. இனிப் பதிக்கப்போகும் டைல்ஸிலும் தினமும் இதுதான் நடக்கும். கறையை டைலை விட, டைல்களின் இடைவெளியில் நிரப்பும் கிரவுட்தான் முதலில் குடிக்கும்.

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனையை இந்த விஷயத்தில் அப்படியே எடுக்காதீர்கள். அங்கே சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். அதனால் கறுப்பு டைல்ஸ் போட்டவர்கள்தான் அதிகம் நொந்துகொள்வார்கள். கொழும்புக்குக் குழாயில் வரும் களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்புப் படிவு குறைவு. இங்கே தொல்லை இரும்பும் பூஞ்சணமும். இரண்டுமே வெள்ளையில்தான் எடுப்பாகத் தெரியும்.

ஆகவே தூய வெள்ளை வேண்டாம் என்பேன். ஐவரி கொமட் இருக்கும் வரை அது இன்னும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொமட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்; இத்தனை நாள் வெள்ளை மாதிரித் தெரிந்தது திடீரென்று மஞ்சளாகும். தூய வெள்ளை டைல்ஸ் நான்கு பக்கமும் ஏறினால், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கொமட் அழுக்காகவே தெரியும். நீலம் கலந்த சாம்பலும் இதையேதான் செய்யும். கணவர் கருஞ்சாம்பலில் பிடிவாதமாக இருந்தால் கொமட்டையும் பேசினையும் வெள்ளைக்கு மாற்றச் செலவு ஒதுக்குங்கள்.

மாற்றாமல் செய்வதென்றால் சுவருக்கு மணல் நிறம், அல்லது மஞ்சள் அதிகம் கலக்காத வெளிர் பழுப்பு. ஐவரியை விட ஒரு படி கடுமையாக இருக்க வேண்டும். ஐவரிக்கு ஐவரியே தேடிப் போகாதீர்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற நிறம், பொருந்தாத நிறத்தை விடக் கண்ணை உறுத்தும். கடைக்குப் போகும்போது பேசினின் போட்டோவை நம்பாமல், மாதிரி டைல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கொஞ்சம் முற்பணம் கட்டினால் பெரும்பாலும் தருவார்கள். சுவர் டைலை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், தரை டைலைத் தரையில் போடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு லைட் போட்டு ஒரு தடவை.

அந்த லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றுக்குழிப் பக்கத்து ஜன்னலால் பகலிலும் நீங்கள் பல்ப் வெளிச்சத்தில்தான் குளிக்கிறீர்கள். நம் கடைகளில் சும்மா எல்இடி பல்ப் என்று கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் கொண்ட நீல வெள்ளைதான் கைக்கு வரும். அதன் கீழே மணல் நிறம் வெளிறிச் சவம் மாதிரி ஆகிவிடும். பெட்டியில் 4000 கெல்வின் என்று போட்டதை எடுங்கள். 3000 என்றால் இன்னும் இதமான மஞ்சள். டைல்ஸ் தெரிவு செய்வதற்கு முன்பே பல்பை மாற்றிவிடுங்கள்.

கணவரின் ஆசைக்கும் ஒரு சுவர் கொடுக்கலாம். ஷவர் தண்ணீர் அடிக்காத, கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர். அங்கே காப்பிக் கொட்டை நிறமோ கடும் ஒலிவ் பச்சையோ போட்டால் ஐவரி எடுபடும், பழையதை வைத்துச் சமாளித்த மாதிரி இருக்காது. நான்கு சுவரும் இருட்டு நிறமென்றால், உங்கள் ஜன்னலுக்கு அது தாங்காது. கடும் நிறத்தில் சவர்க்காரத் திட்டுகளும் நன்றாகவே தெரியும், ஹோட்டலில் தினம் துடைக்க ஆள் இருக்கிறார்.

தரையில் மாமியின் வசதிதான் முதல். வயதானவர்களின் கண்ணுக்கு வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் பிரிந்து தெரியாது. ஐவரி கொமட் ஐவரித் தரையில் நின்றால் எங்கே உட்காருவது என்பதே தடுமாற்றம். ஆகவே தரை, சுவரை விடவும் கொமட்டை விடவும் தெளிவாகக் கடுமையாக இருக்கட்டும்: நடுத்தரப் பழுப்புச் சாம்பல், ஒரே நிறம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை படத்தில் அழகு. மங்கிய பார்வைக்குக் கறுப்புக் கட்டம் பள்ளம் போலத் தெரியலாம். கைபிடிக் கம்பி வைப்பதானால் அதுவும் சுவரிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருக்கட்டும்.

பளபளப்புத் தரை கூடவே கூடாது. பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று வழுக்காத் தன்மை குறித்திருக்கிறதா பாருங்கள். ஆர் 11 பிடிப்பு அதிகம், ஆனால் சொரசொரப்பில் அழுக்குத் தங்கும். இந்த இலக்கம் சப்பாத்துக் காலோடு செய்யும் பரிசோதனையில் வருவது என்பதால், கடையிலேயே மாதிரித் துண்டில் தண்ணீர் ஊற்றி வெறுங்குதிகாலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அளவு ஓரடிச் சதுரம் போதும். இரண்டடி டைல் போட்டால் இவ்வளவு சின்னத் தரையில் வடிகாலை நோக்கிச் சரிவு எடுக்க மேசன் திணறுவார். சுவருக்கு இரண்டடிக்கு ஓரடி எடுங்கள். சின்னச் செங்கல் வடிவ டைல்ஸ் இப்போது நாகரிகம்தான், ஆனால் எத்தனை இணைப்புக்கோடு என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் கறை பிடிக்கும் இடம்.

கிரவுட்டை மேசன் வாங்கி வருவார் என்று விட்டால் வெள்ளைதான் வரும். சுவருக்குப் பால்தேத்தண்ணீர் நிறம், தரைக்கு டைலை விட ஒரு படி கடும் பழுப்பு என்று நீங்களே சொல்லி வாங்குங்கள். வாளிச் சோதனையில் தண்ணீர் மஞ்சளித்திருந்தால் ஷவர் பக்கத்துக்கும் தரைக்கும் எபொக்சி கிரவுட் (சீமெந்துக்குப் பதில் பிசினால் ஆனது, கறை குடிக்காது) போடுவது நல்லது. விலை கூட, வேகமாக இறுகும், பழக்கமில்லாத கை போட்டால் டைல் முழுக்க அப்பிவிடும். முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பெயின்ட். டைல்ஸ் பதித்து முடியும் வரை அதை வாங்கவே வேண்டாம். டைலில் சில பத்து நிறம்தான் கிடைக்கும், பெயின்டைக் கடையில் எந்த நிறத்துக்கும் கலந்து தருவார்கள். சுவரில் கதவு உயரத்துக்கு, ஏழடிக்கு டைல்ஸ் ஏறினால் மிஞ்சுவது மேலே ஒரு பட்டியும் சீலிங்கும்தான். இரண்டுக்கும் ஒரே நிறம் அடியுங்கள். வேறு வேறு நிறம் கூரையைத் தாழ்த்திக் காட்டும். சுவர் டைலின் வடிவத்தில் ஓடும் மிக வெளிர்ந்த கோட்டின் நிறத்தை எடுத்து, பெயின்ட் நிற அட்டையில் அதற்கு ஒரு படி வெளிறியதைக் கேளுங்கள். அட்டையில் பார்ப்பதை விடச் சுவரில் நிறம் தூக்கலாகத்தான் விழும். வகை, பூஞ்சணம் பிடிக்காத, கழுவக்கூடிய, இலேசான பளபளப்புள்ள எமல்ஷன். சாதாரண மட் எமல்ஷன் நம் ஊர் ஈரத்தில் கரும்புள்ளி போடும்.

ஏற்கெனவே புள்ளி இருந்தால் மேலே அடித்து மறைக்க வேண்டாம். தண்ணீர் கலந்த ப்ளீச்சால் துடைத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் அடியுங்கள். சீலிங்கில் வட்டமாகப் பழுப்பு ஈரம் தெரிந்தால் அது மேல்வீட்டு பாத்ரூம் ஒழுக்காக இருக்கும். முதலில் அவர்களோடு கதையுங்கள், எந்தப் பெயின்டும் அதைத் தாங்காது. காற்றுக்குழிப் பக்கம் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் கட்டாயம்.

அளவுக் கணக்கு: ஏழடி உயரத்துக்குச் சுவர் 182 சதுர அடி, கதவைக் கழித்தால் ஏறக்குறைய 165. வெட்டில் போவதற்குப் பத்து வீதம் சேர்த்து 182 சதுர அடி வாங்குங்கள், தரைக்கு 44. கடும் நிறச் சுவரின் அளவை வாங்கும் இந்த 182 இலிருந்து பிரித்தெடுங்கள். ஒன்பதடிக் கூரையானால் இரண்டு தடவை அடிக்க இரண்டு லீற்றர் பெயின்ட் போதும். பெட்டி ஒவ்வொன்றிலும் ஷேட் இலக்கம் ஒன்றேதானா என்று இறக்கும்போதே பாருங்கள். இலக்கம் மாறினால் ஒரே டைலும் வேறு நிறமாகத் தெரியும், பதித்த பிறகு கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். இந்தக் கணக்குக்கு மேல் சுவருக்கு ஒரு பெட்டி, தரைக்கு ஒரு பெட்டி கூட வாங்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டு வையுங்கள். பிறகு பைப் உடைத்துப் பார்க்க வேண்டி வந்தால் அதே ஷேட் கடையில் இருக்காது.

வேலை முடிந்ததும் சீமெந்துக் கறை போக மேசன் அசிட் ஊற்றிக் கழுவப் பார்ப்பார். விடாதீர்கள். அது சீமெந்து கிரவுட்டை அரிக்கும், குழாயின் குரோமைக் கறுப்பாக்கும். மாமி தினமும் ப்ளீச் போட்டுக் கழுவுபவரென்றால் அசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்து நச்சுவாயு வரும், ஜன்னலோ சின்னது. டைலில் சீமெந்து காயுமுன் ஈரத் துணியால் அன்றன்றே துடைக்கச் சொன்னால் அசிட்டுக்கே வேலையிருக்காது.