ஸ்டாயிக் படிச்சா திமிர் வருமா?

கேள்வி: ஆறு மாசமா ஸ்டாயிக் தத்துவம் படிக்கிறேன், நம்ம கையில இல்லாததுக்கெல்லாம் கலங்காம இருக்கச் சொல்ற பழைய கிரேக்க, ரோமத் தத்துவம். முன்னெல்லாம் யாராவது ஒரு வார்த்தை சொன்னா ராத்திரி தூக்கம் வராது, இப்ப எதுவும் ஒட்டுறதில்ல. போன வாரம் மீட்டிங்ல, என்னைவிட பத்து வயசு சின்ன பையன் என் கணக்குல தப்பு இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். நான் டென்ஷனே ஆகாம "அது உன் கருத்துப்பா"ன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். வீட்ல பெருமையா சொன்னா, மனைவி "உங்களுக்கு திமிர் கூடிப்போச்சு"ங்கிறா. அடக்கம் வரணும்னுதான் படிக்கவே ஆரம்பிச்சேன், எங்க சறுக்குச்சு?

பதில்: தம்பி, அந்தப் பையன் சொன்ன தப்பு உங்க கணக்குல நெஜமாவே இருந்துச்சா இல்லையா? உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டேன், அதை மட்டும் எங்கயும் காணோம். நீங்க எவ்வளவு அமைதியா இருந்தீங்கன்னு இருக்கு, எப்படி சிரிச்சீங்கன்னு இருக்கு, கணக்கு சரியா தப்பான்னு பாத்தீங்களாங்கறது இல்ல. உங்க வீட்டம்மா புடிச்சது இதைத்தான்னு நினைக்கிறேன்.

மார்க்கஸ் அரேலியஸ் படிச்சிருப்பீங்க, 161லேருந்து 180 வரைக்கும் ரோமாபுரி சக்கரவர்த்தி. அவர் தனக்குத்தானே எழுதி வச்ச குறிப்புல ஒரு இடம் வரும், நான் நினைக்கறதோ செய்யறதோ தப்புன்னு யாராவது காட்டினா சந்தோஷமா மாத்திக்குவேன், நான் தேடறது உண்மையை, அதனால யாரும் கெட்டுப்போனதில்லங்கற மாதிரி. அத்தனை பெரிய படையை வச்சிருந்த மனுஷன் "அது உன் கருத்துப்பா"ன்னு சொல்லல பாருங்க.

எபிக்டெட்டஸ்னு இன்னொரு ஸ்டாயிக் ஆசான், அவர் இன்னும் ஒரு படி மேல. அடிமையா பொறந்தவர், கால் வேற ஊனம். உன்னைப் பத்தி ஒருத்தன் தப்பா பேசறான்னு யாராவது வந்து சொன்னா எதிர்த்து வாதாடாத, "என்கிட்ட இருக்கற மத்த குறையெல்லாம் அவனுக்குத் தெரியல போல, தெரிஞ்சா இதோட நிறுத்தியிருக்க மாட்டான்"னு சொல்லுங்கறார். எனக்கு ரொம்ப புடிச்ச பதில் இது. நீங்க சிரிச்ச சிரிப்பு அந்தப் பையனைப் பாத்து, இவர் சிரிக்கறது தன்னையே பாத்து.

ஸ்டாயிக்ல "மேலேருந்து பாக்கறது"ன்னு ஒரு பயிற்சி உண்டு, ரொம்ப உயரத்துலேருந்து உலகத்தைப் பாக்கற மாதிரி மனசுல நினைச்சுக்கறது. அதுலயும் நிறைய பேர் இப்படித்தான் வழுக்கி விழறாங்க. உயரத்துலேருந்து பாத்தா ஜனங்கல்லாம் எறும்பு மாதிரி தெரியும், சரி, ஆனா கீழ ஊர்ற எறும்புல நாமளும் ஒண்ணு, அதை விட்டுட்டா மிச்சம் வெறும் மண்டைக்கனம்தான். மார்க்கஸ் தனக்கு முன்னாடி ஆண்ட வெஸ்பாசியன் காலத்தை நினைச்சுப் பாக்கறார், அன்னைக்கும் கல்யாணம் பண்ணாங்க, புள்ள வளர்த்தாங்க, சண்டை போட்டாங்க, சந்தேகப்பட்டாங்க, முகஸ்துதி பாடினாங்க, இப்ப அதுல ஒருத்தரும் இல்ல. தன்னையும் அந்த லிஸ்ட்ல சேத்துக்கத்தான் எழுதறார். தான் போட்டிருக்கற ராஜ அங்கியைக்கூட, இது ஆட்டு ரோமம், கிளிஞ்சல் பூச்சியோட ரத்தத்துல முக்கி எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கார். உங்க மெயிலுக்கு அடியில பேருக்குக் கீழ ஒரு பதவி வரும்ல, அதை ஒரு தடவை இப்படி பாருங்க, ஒரு வரி டைப்பிங், அவ்வளவுதான்.

செனக்கான்னு இன்னொரு ரோமாபுரி ஸ்டாயிக், ராத்திரி விளக்கை எடுத்த பிறகு, அவர் பழக்கம் தெரிஞ்ச மனைவியும் பேச்சை நிறுத்தினதும், அன்னைக்கு முழுக்க தான் பேசினது செஞ்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம விசாரிப்பாராம். அந்த ஆளை ரொம்ப கடுமையா கண்டிச்சுட்ட, அவன் திருந்தல, மனசுதான் புண்பட்டுச்சு, இனிமே பாத்துக்கோ, இப்படி. (நீரோ சக்கரவர்த்திக்கு வாத்தியாரா இருந்தவர், கொள்ளை பணக்காரர், அவரை விமர்சிக்க நிறைய இருக்கு. ஆனா, நான் வைத்தியன் இல்ல, ஒரே வார்டுல உன்கூட படுத்திருக்கற நோயாளின்னு அவரே லெட்டர்ல ஒத்துக்கறார், அதனால நான் மன்னிச்சுட்டேன்.) நானும் ஒரு நோட்டு வாங்கி இதை எழுத ஆரம்பிச்சேன், பத்து நாள் கழிச்சு புரட்டினா பூரா அடுத்தவங்க குத்தமா இருக்கு, யார் என்ன சொன்னாங்க, யார் மதிக்கலன்னு. வெக்கமா போச்சு. அப்புறம் அடுத்தவங்க பேரே வரக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன், முதல் ராத்திரி ரெண்டு வரிக்கு மேல எழுத முடியல.

நாளைக்குப் போய் அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்து அவன் காட்டின இடத்தைப் பாருங்க. கணக்கு சரியா இருந்தா அவன்கிட்டயே பொறுமையா விளக்குங்க. தப்பா இருந்தா, தனியா கூப்பிட்டு சொன்னா பத்தாது, எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கு எல்லார் முன்னாடியும்தான் பதில், அவன் பேரைச் சொல்லி. மார்க்கஸோட குறிப்புல முதல் பகுதி பூராவும் அப்படித்தான், யார்கிட்டேருந்து என்ன கத்துக்கிட்டேன்னு பேர் பேரா. என் குணத்துல திருத்த வேண்டியது இருக்குன்னு புரிஞ்சது என் வாத்தியார் ரஸ்டிகஸாலதான்னு அதுல எழுதறார். அந்த எபிக்டெட்டஸ் பேச்சு எல்லாம் எழுதின தன்னோட சொந்த பிரதியைக் கொடுத்து சக்கரவர்த்தியைப் படிக்க வச்சதும் இதே ரஸ்டிகஸ்தான்.

இந்தப் பதிலை வீட்ல காட்டறதா இருந்தா மீட்டிங் முடிஞ்ச பிறகு காட்டுங்க.