பெரிய வீடு கிடைச்சா நிறைய குழந்தைங்க எடுக்கலாமா?

அக்கா வணக்கம்,

நீங்க வீட்டுலயே டேகேர் நடத்தின அனுபவத்தை எழுதுறதெல்லாம் விடாம படிக்கிறேன். நானும் வீட்டுல டேகேர்தான் நடத்துறேன், இப்போ ஆறு குழந்தைங்க, அதுல ரெண்டு பேர் இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. ஓனர் வீட்டை விக்கப் போறாராம், ஆறு மாசத்துல காலி பண்ணணும். மூணு இடம் பார்த்து வச்சிருக்கோம். ஒண்ணு ஊருக்கு வெளிய புதுசா வளர்ற ஏரியா, பெரிய வீடு, வாடகை கம்மி, சுத்தி எல்லாம் புதுசா கல்யாணமானவங்க. ரெண்டாவது இப்போ இருக்கிற இடத்துலேர்ந்து நடந்து போற தூரம்தான், ஆனா வீடு சின்னது, வாடகை ஜாஸ்தி. மூணாவது என் தங்கச்சி இருக்கிற ஊரு, அவ ஒத்தாசைக்கு இருப்பா, ஆனா அங்க என்னை யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம், அதனால பிரச்சனை இல்ல. எனக்கு மனசு முதல் வீட்டுலதான் நிக்குது, இடம் பெருசா இருந்தா பத்து பன்னெண்டு குழந்தைங்க எடுக்கலாமே? பேர் போட வேண்டாம்.

– ஒரு வாசகி

வணக்கம்மா,

கடைசி வரியிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க கணக்கு மொத்தமும் அந்த வரியிலதான் நிக்குது. வீடு பெருசானா குழந்தைங்க எண்ணிக்கை கூடும்னு நினைக்கிறீங்க. லைசன்ஸ் இருக்கிற ஊர்ல முக்கால்வாசி இடத்துல எண்ணிக்கையை முடிவு பண்றது ரூம் இல்லம்மா, குழந்தையைப் பார்த்துக்கிற ஆள். இங்கிலாந்துல வீட்டுல தனியா பார்த்துக்கிற ஒருத்தங்க எட்டு வயசுக்குள்ள 6 பேர் வரைக்கும்தான் எடுக்கலாம், அதுல ஸ்கூல் போகாத சின்னதுங்க 3 பேர், அதுலயும் ஒரு வயசு ஆகாதது பொதுவா 1 தான். கலிஃபோர்னியாவுல சின்ன லைசன்ஸுக்கு அதிகபட்சம் 8, அதுக்கு மேல 14 வரைக்கும் போகணும்னா கூட ஒரு உதவியாளர் இருந்தே ஆகணும், அதுக்கும் ஆயிரத்தெட்டு கண்டிஷன். நீங்க எந்த நாடுன்னு எழுதல, உங்க ஊர் நம்பர் வேறயா இருக்கலாம், ஆனா பல இடத்துல கைக்குழந்தைக்கு தனி லிமிட் உண்டு, உங்க சொந்தப் பிள்ளை சின்னதா இருந்தா அதையும் கணக்குல சேர்ப்பாங்க. அப்போ பன்னெண்டு குழந்தைன்னா ரெண்டாவது ஆளுக்கு சம்பளம்னு அர்த்தம். அந்தப் பெரிய வீட்டுல வாடகையில மிச்சமாகுறது அந்த சம்பளத்துல பாதிக்காவது வருமான்னு முதல்ல ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு வராது.

சரி, சின்ன வீடு பத்துமா? அதுக்கும் அதே இங்கிலாந்து விதியையே அளவுகோலா வச்சுப் பார்க்கலாம், ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற ஒரு குழந்தைக்கு 3.5 சதுர மீட்டர் கேட்கிறாங்க, பெரிய குழந்தைக்கு அதைவிடக் கம்மி. உங்க ஆறு பேருமே கைக்குழந்தைங்கன்னு வச்சாக்கூட 21 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 226 சதுர அடி. சுமாரான ஒரு ஹாலும் பக்கத்துல ஒரு ரூமும் இருந்தா முடிஞ்சுது. அதனால அந்த வீட்டை சின்னதுன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வாங்க, பீரோ கட்டில் வைக்கிற இடத்தைக் கழிச்சுட்டு அளக்கணும். உங்க குடும்பம் புழங்க ஒரு ரூமாவது மிஞ்சுதான்னும் பாருங்க, பொழுதன்னைக்கும் பொம்மைக்கு நடுவுலயே வாழ முடியாது.

அடுத்தது ரோடு. டேகேர் தேடுற அப்பா அம்மா வீட்டைப் பார்த்து மயங்குறது முதல் நாள் மட்டும்தான், ரெண்டாவது வாரத்துலேர்ந்து அவங்களுக்கு முக்கியம் காலைல எட்டு மணிக்கு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பணும்ங்கிறதுதான். போற வழியிலேர்ந்து பத்து நிமிஷம் விலகிப் போகணும்னா காலைலயும் சாயங்காலமும் சேர்த்து ஒரு நாளைக்கு 20 நிமிஷம், அஞ்சு நாள் வேலைன்னா வாரத்துக்கு 100 நிமிஷம். உங்க மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த 100 நிமிஷத்தை யாரும் ரொம்ப நாள் தர மாட்டாங்க. அந்தப் புது ஏரியா வீடு மெயின் ரோட்டுக்கு வர்ற வழியில இருக்கா, இல்ல ஏரியாவோட அடி மூலையில, எல்லாரும் எதிர்ப்பக்கமா கிளம்பிப் போற இடத்துல இருக்கா? ஒரு வேலை நாள் காலைல போய் நின்னு பாருங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்த்தா எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, இது யாரும் யோசிக்கிறதே இல்ல. புது ஏரியாவுல எல்லாரும் ஒரே சமயத்துல குடி வர்றாங்க, ஒரே சமயத்துல குழந்தை பிறக்குது, முதல் ரெண்டு மூணு வருஷம் உங்க வாசல்ல கூட்டமா நிக்கும். அப்புறம் அத்தனையும் ஒண்ணா ஸ்கூலுக்குப் போயிடும். சொந்த வீடு வாங்கி வந்தவங்க அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டாங்க, அந்தத் தெருவுல அடுத்த செட்டு கைக்குழந்தை வர பல வருஷம் ஆகும். வாடகைக்கு இருக்கிறவங்களும் சொந்த வீட்டுக்காரங்களும் கலந்து இருக்கிற பழைய ஏரியாவுல அப்படி இல்ல, ஒரு குடும்பம் காலி பண்ணா இன்னொண்ணு வரும், எப்பவும் ஏதாவது ஒரு வீட்டுல தொட்டில் ஆடிட்டே இருக்கும். அரசாங்க ப்ரீஸ்கூல் உங்க ஊர்ல எந்த வயசுல ஆரம்பிக்குதுன்னும் கேட்டுக்கோங்க. மூணு வயசுலயே அங்க இலவசமா சேர்த்துக்கிட்டாங்கன்னா உங்ககிட்ட மிச்சம் நிக்கிறது கைக்குழந்தைங்க மட்டும்தான், அதுல வேலை அதிகம், எண்ணிக்கை லிமிட்டும் இறுக்கம், ஃபீஸை அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கணும். இது போக, புது ஏரியான்னா பக்கத்துல கட்டடம் கட்டிட்டே இருப்பாங்க, தூசி, லாரி, மதியம் குழந்தைங்க தூங்குற நேரத்துல கட்டிங் மெஷின். வெளிய விளையாட விடவும் முடியாது, உள்ள தூங்க வைக்கவும் முடியாது.

பக்கத்துல வேற டேகேர் இருந்தா போட்டின்னு பயப்படாதீங்க. ஃபோன் பண்ணி, நானும் டேகேர் நடத்துறவதான்னு மறைக்காம சொல்லியே, கைக்குழந்தைக்கு இடம் இருக்கா, வெயிட்டிங் எவ்வளவு நாள்னு கேளுங்க. எல்லாரும் ஃபுல்லுன்னு சொன்னா அந்த ஏரியா நல்ல ஏரியா, அவங்களே மிச்சத்தை உங்ககிட்ட அனுப்புவாங்க. எல்லார்கிட்டயும் இடம் காலியா இருந்தா ஏன்னு தெரிஞ்சுக்காம அங்க போகக் கூடாது.

இப்போ இருக்கிற ஆறு குடும்பத்துகிட்டயும் ‘வீடு மாத்துனா வருவீங்களா’ன்னு கேட்காதீங்க, மூஞ்சிக்கு நேரா எல்லாரும் வருவோம்னுதான் சொல்லுவாங்க. காலைல எந்த ரோடு வழியா போறீங்க, யாரு கொண்டு வந்து விடுறீங்க, அடுத்த வருஷம் குழந்தை எங்க போகும்னு கேளுங்க, பதில் அதுலயே இருக்கும். நான் பார்த்த வரைக்கும் புது சீட்டு பெரும்பாலும் விளம்பரத்துல நிரம்புறதில்ல, ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்ட சொல்றதுலதான் நிரம்புது. அந்த ஆறு பேர்ல நாலு பேர் கூட வந்தாங்கன்னா அந்தப் பேச்சும் கூடவே வரும். ரெண்டாவது வீட்டுக்கு வாடகை ஜாஸ்தின்னு சொன்னீங்க இல்ல, அந்த வித்தியாசத்தை ஒரு குழந்தையோட மாச ஃபீஸ் பக்கத்துல வச்சுப் பாருங்க, புது இடத்துல மூணு சீட்டு நாலு மாசம் காலியா கிடந்தா போற காசு, அநேகமா அதைவிடப் பெருசா இருக்கும்.

தங்கச்சி ஊரை நீங்க கடைசியா போட்டிருக்கீங்க, எனக்கு அது ரெண்டாவது. தனியா டேகேர் நடத்துறவங்களுக்கு காய்ச்சல் வந்தா அன்னைக்கு ஆறு வீட்டுல ஆறு பேர் லீவு போடணும், அப்படி நாலஞ்சு தடவை ஆனா வேற இடம் தேட ஆரம்பிச்சுடுவாங்க. மாத்தா ஒரு ஆள் இருக்கிறது அவ்வளவு பெரிய விஷயம். ஆனா தங்கச்சியா இருந்தாலும் பல இடத்துல போலீஸ் சரிபார்ப்பு, முதலுதவி டிரெயினிங் எல்லாம் முடிச்சிருந்தாதான் குழந்தைங்களைத் தனியா விட முடியும், அதுக்கு அவங்க சம்மதிப்பாங்களா, இல்ல நினைச்சப்போ வந்துட்டுப் போறதுதான் ஒத்தாசையான்னு வெளிப்படையா பேசிடுங்க. உறவுக்குள்ள இதைக் கேட்க சங்கடமாத்தான் இருக்கும், கேட்டுடுங்க. இப்போ இருக்கிற ஏரியாவுலயே அப்படி ஒரு ஆள் கிடைச்சா தங்கச்சி ஊர் லிஸ்ட்லேர்ந்தே போயிடும்.

எந்த வீடா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. லைசன்ஸ் பொதுவா ஆளுக்கும் அட்ரஸுக்கும் சேர்த்துதான் தர்றாங்க, வீடு மாறினா திரும்ப விண்ணப்பம், திரும்ப இன்ஸ்பெக்‌ஷன். அது முடியற வரைக்கும் குழந்தைங்களை எடுக்க விடாத ஊரும் இருக்கு. அதனால ஆபீஸ்ல எத்தனை வாரம் ஆகும்னு கேட்டு, அத்தனை வாரத்துக்கு வருமானம் இல்லாம ஓட்ட கையில காசு இருக்கான்னு பாருங்க, முடிஞ்சா பழைய வீடும் புது வீடும் கொஞ்ச நாள் சேர்ந்தே உங்க கையில இருக்கிற மாதிரி தேதி வையுங்க. ஓனர் ‘சரிம்மா நடத்திக்கோ’ன்னு வாயால சொல்றது பத்தாது, அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க, அபார்ட்மெண்ட்னா அசோசியேஷன்கிட்டயும் வாங்கணும். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தொழிலுக்குச் செல்லாது, தனியா எடுக்கணும்.

வீட்டுக்குள்ள பார்க்க வேண்டியது உங்களுக்கே தெரியும், தரைத்தளம், வெளிய போக ரெண்டு வழி, அடுப்படியில நின்னா ஹால் தெரியணும், பாத்ரூம் கிட்ட இருக்கணும், கிணறோ தொட்டியோ இருந்தா மூடி பூட்டு. ரொம்பப் பழைய வீடுன்னா பெயிண்ட்ல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க, அமெரிக்காவுலயே 1978-லதான் வீட்டு பெயிண்ட்ல அதைத் தடை பண்ணாங்க, குழந்தைக்கு இவ்வளவு ஈயம் வரைக்கும் ஆபத்தில்லன்னு சொல்ற மாதிரி ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உரிஞ்சு விழுற சுண்ணாம்பையும் பெயிண்டையும் வாயில போடுற வயசு உங்ககிட்ட ரெண்டு பேர் இருக்கு.

என்கிட்ட கேட்டீங்கன்னா நடந்து போற தூரத்துல இருக்கிற அந்தச் சின்ன வீடுதான். ஓனர் எழுத்துல அனுமதி தரலன்னாலோ, அளந்து பார்த்து இடம் பத்தலன்னாலோ தங்கச்சி ஊர். புது ஏரியாவை, ரெண்டாவது ஆள் ஒருத்தங்க உறுதியா கிடைச்சு, வீடும் மெயின் ரோட்டுப் பக்கமா இருந்தா மட்டும் திரும்ப யோசிங்க. இந்த வாரமே லைசன்ஸ் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணுங்க, அவங்க சொல்ற வாரக்கணக்கை வச்சுத்தான் உங்க ஆறு மாசத்தை எங்கேர்ந்து எண்ணணும்னே தெரியும்.