சலூன்காரர் பதில்கள்: கழுத்து மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: வேலூரில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். தினமும் ஷேவ் செய்தே ஆக வேண்டும். வைத்திருப்பது ஐந்து பிளேடு ரேசர். கன்னத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கழுத்து மட்டும் சிவந்து, சின்னச் சின்னக் கட்டியாக வருகிறது. எந்த ரேசருக்கு மாறலாம்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: ரேசர் வாங்குவது அப்புறம், தம்பி. சனி, ஞாயிறு ஷேவ் செய்யாமல் விட்டுவிட்டு, திங்கள் காலையில் விரல் நுனியால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம்தான் முடி படுத்திருக்கிற பக்கம். சொரசொரவென்று தடுத்தால் அது எதிர்ப்பக்கம். கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழே பார்த்து இறங்கும். தாடைக்குக் கீழே பலருக்கு மேலே பார்த்து ஏறும், குரல்வளைக்குப் பக்கத்தில் சுழி போட்டுக் குறுக்கே படுக்கும். என் கடை நாற்காலியில் ஆள் தலையைச் சாய்த்ததும் நான் முதலில் தேடுவது அந்தச் சுழியைத்தான். கன்னத்தில் இழுத்த அதே கையோடு கழுத்திலும் கீழே இழுத்தால், தெரியாமலே முடிக்கு எதிர்ப்பக்கமாக ‘ரிவர்ஸ்’ போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதில் ஐந்து பிளேடு வேறு. முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், பின்னால் வருவது வெட்டும். மிச்ச முனை தோலுக்குக் கீழே இறங்கிவிடும். முடி சுருட்டையாக இருந்தால், வளரும்போது வெளியே வராமல் உள்ளேயே வளைந்து குத்தும். அதனால் வருகிற கட்டியைப் பரு என்று நினைத்துக் கிள்ளாதீர்கள்.

உங்களுக்கு ஒற்றை பிளேடு ரேசர் போதும். 1904-ல் ஜில்லெட் காப்புரிமை வாங்கினாரே, அந்தக் காலத்து அமைப்புதான். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு இன்றைக்கும் பெட்டிக்கடையில் கிடைக்கும். ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ரேசரின் கனத்திலேயே குட்டிக் குட்டியாக இழுங்கள். கை பழகுகிறவரை ஒன்றிரண்டு கீறல் விழலாம். ஐந்தாறு ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றிவிடுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல தெருவில் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, திரிந்து ஒட்டும். ஷேவிங்குக்கு மட்டும் காவிரிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்த கையோடு, பிரஷ்ஷால் நுரை பூசி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த முடிதான் பிளேடைத் தடுக்கும்.

கட்டி கல்லு மாதிரி நின்றுவிட்டாலோ சீழ் வைத்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை டிரிம்மரால் ஒட்ட வெட்டினால் போதுமா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். தாடி விஷயத்தில் மேலிடம் பிடிவாதம் பிடித்தால் என்னவாகும் என்று நம் வேலூர்க் கோட்டைக்குத் தெரியும். சிப்பாய்கள் தாடையை மழிக்க வேண்டும், நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது, புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுத்தான் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. உங்கள் மேலாளர் அவ்வளவு தூரம் போகமாட்டார்.

கேள்வி: ஷேவிங் முடிந்ததும் படிகாரமா, ஆஃப்டர் ஷேவா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கீறலுக்குப் படிகாரம். ரத்தத்தைக் கட்டும். நனைத்து ஒரு தேய், பிறகு கழுவிவிட வேண்டும். ஆல்கஹால் கலந்த லோஷன் சுரீரென்று எரிவதைச் சுத்தம் என்று சிலர் நம்புகிறார்கள். தோலை வறட்டுவதுதான் அதன் வேலை. பச்சைத் தண்ணீரில் கழுவி, வாசனை சேர்க்காத கிரீம் கொஞ்சம் தடவினால் நிற்கும். ஒரு விஷயம், உங்கள் படிகாரக் கட்டியை வீட்டில் இன்னொருவருக்குத் தராதீர்கள்.

கேள்வி: சலூனில் பாதி பிளேடு போடுகிறார்களே, அது பழசா புதுசா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், ஆம்பூர்

பதில்: கேட்டால்தான் தெரியும், கூச்சப்படாதீர்கள். முழு பிளேடை ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவது எங்கள் தொழில் வழக்கம், அதில் தப்பில்லை. மீதிப் பாதி காகித உறைக்குள் இருக்க வேண்டும், உங்கள் கண் முன்னால் மாட்ட வேண்டும். ஏற்கெனவே கத்தியில் இருக்கிற பிளேடோடு ஒருவர் உங்கள் முகத்துக்கு வந்தால் எழுந்துவிடுங்கள். மஞ்சள் காமாலை கொண்டுவருகிற ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும், டெட்டாலில் துடைத்தேன் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். என் கடையில் பிளேடை மாற்றச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.