தோட்டம் கேள்வி பதில்: புல் வளராத இடத்தில் மூலிகை படருமா?

வணக்கம் அக்கா. செந்தூலில் டெரஸ் வீடு. பின்னால் லோங்காங் (சாக்கடை) ஓரமாக நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது, நாலு நாள் வெயில் அடித்தால் மண் வெடிக்கிறது. புல் அழுகிவிட்டது. வல்லாரை இரண்டு தடவை வைத்தேன், இரண்டு தடவையும் பிழைக்கவில்லை.
– வாசகி, செந்தூல்

வெயில் அடித்தால் வெடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், வல்லாரை போனது அதனால்தான். அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் அந்த ஈரம் விட்டு விட்டு வரக் கூடாது, வேரும் மேலோட்டமாகத்தான் போகும். வீடு கட்டும்போது கொட்டி மிதித்த களிமண்ணில் அதற்குப் பிடிமானமே கிடைக்காது.

நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய், இன்னும் ஈரம் சொதசொதவென்று இருக்கிற இடத்தைச் சுற்றி ஒரு குச்சியால் கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே நீர்ப்பிரமி, வெளியே வல்லாரை. நீர்ப்பிரமி குளக்கரையிலும் வயலிலும் தானாக வருகிற செடி, வேர் தண்ணீரில் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, விரல் நீளத் துண்டை ஈர மண்ணில் செருகினாலே பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் ஆகியும் தண்ணீர் தேங்கியே இருக்கிறது என்றால் செடி வைப்பதற்கு முன்னால் மண் போட்டுப் பள்ளத்தை மேடாக்குங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும்.

வல்லாரைக்கு, கோட்டுக்கு வெளியே முள்கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிளறி, மக்கின உரம் இரண்டு அங்குலம் கலந்துவிடுங்கள். பசாரில் பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதில் வெறும் காம்பும் இலையுமாக இருப்பது நடுவதற்கு ஆகாது. ஓடுகிற கொடியும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணுவில் நூல் மாதிரி வெள்ளை வேர் இரண்டு மூன்று தொங்கும், அந்தக் கணுதான் வேண்டும். அதை மண்ணில் அழுத்தி, இலை மட்டும் வெளியே இருக்கிற மாதிரி ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். முதல் இரண்டு மாதம் களையைக் கையாலேயே பிடுங்கணும், அப்புறம் அதுவே மூடிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லோங்காங் தண்ணீர் ஏறி வருகிற இடம் என்றால் அந்த இலையைச் சமைக்க வேண்டாம். மண்ணில் ஈயம் போன்ற உலோகம் இருந்தால் வல்லாரை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துவையலுக்கு ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

நடைபாதைக் கற்களுக்கு இடையில் தைம் வைத்தால் வாசமாகப் பரவும் என்று வீடியோவில் பார்த்து வாங்கினேன். மூன்று வாரத்தில் கறுத்துவிட்டது. மறுபடி வாங்கலாமா?
– வாசகர், கெப்போங்

வேண்டாம். தைம் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, அதற்குக் காய்ந்த மண்ணும் காய்ந்த காற்றும் வேண்டும், கோலாலம்பூரில் ராத்திரியும் புழுங்குகிறது, மதியம் மழை கொட்டுகிறது. நல்ல வெயில் படுகிற இடமென்றால் பொடுதலை வையுங்கள். தரையோடு தரையாக ஓடும், லேசாக மிதிபட்டாலும் தாங்கும், தேனீ வரும், பொடுகுக்குப் பாட்டிமார் எண்ணெய் காய்ச்சின இலையும் இதுதான். வாசம் வேண்டுமென்றால் பாதை ஓரத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் கற்பூரவல்லி. மேட்டில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நான் ஒரு முறை கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வைத்து, ஒரே வாரத்தில் தண்டெல்லாம் கொழகொழத்துப் போனது.

எங்கள் மாமரத்தடியில் ஒன்றுமே வளரவில்லை. முழு நிழல், எங்கே தோண்டினாலும் வேர்.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

உங்கள் ஊரிலேயே இருக்கிறது, காடுக். பினாங்கு ஞோஞ்ஞா ஓத்தாக்-ஓத்தாக்கில் (ஆவியில் வேகவைக்கிற மீன் பண்டம்) போடுகிறார்களே, அதே இலை. வெற்றிலைக்குச் சொந்தம், பார்வைக்கும் வெற்றிலை மாதிரிதான், ஆனால் அந்தக் காரம் கிடையாது, மரத்தில் ஏறாமல் தரையிலேயே பரவும், நிழல்தான் அதற்குப் பிடிக்கும். வேரை வெட்டித் தோண்டாதீர்கள். வேர்களுக்கு நடுவே கைப்பிடி மண் கொள்கிற இடமாகத் தேடி, கணுவோடு வெட்டின துண்டுகளைச் செருகி, காய்ந்த மாவிலையையே மேலே பரப்பிவிடுங்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கி அடிமரத்தை மூடிவிடக் கூடாது, பட்டை அழுகும். ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் பக்கம் மழை குறைவு, அப்போது மட்டும் தினமும் தண்ணீர் விடுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கொடுத்தார். ஆறு மாதத்தில் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. கீரையாகச் சமைக்கலாமா?
– வாசகர், செராஸ்

சமைக்காதீர்கள், முதலில் இலையைப் பாருங்கள். இந்தக் குழப்பம் நம்மிடையே நிறைய இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது, ஏனென்றால் கல்லீரலுக்கு நல்லது என்று நம்பி யாராவது தினமும் அரைத்துக் குடித்துவிடுவார்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒல்லியாக, ஈட்டி மாதிரி நீண்டிருக்கும், ஓரத்தில் வெட்டு அவ்வளவாக இருக்காது. உங்களுடையது பளபளவென்று, இரண்டு பக்கமும் தோள் மாதிரி புடைத்து மூன்று மடலாகத் தெரிந்தால் அது சிங்கப்பூர் டெய்சி. பேர்தான் சிங்கப்பூர், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். நம் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது பெரும்பாலும் அதுதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

ஆறு மாதத்தில் வேலி தாண்டியது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது கணு கணுவாகப் பிடுங்குங்கள், ஒரு கணு மிச்சமிருந்தாலும் திரும்ப வந்துவிடும். பிடுங்கினதைக் காலி நிலத்திலோ லோங்காங்கிலோ வீச வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து, நன்றாகக் கருகின பிறகு குப்பையில் போடுங்கள். கொடுத்தவரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் வீட்டில் அதைச் சமைத்துக்கொண்டிருக்கலாம்.